வண்டி நின்னப்புறம் சொல்லுங்க

என்னோடு பதினேழு வருஷம் வண்டி ஓட்டிய டிரைவர் ஒருவர் இருந்தார். அவர் பேரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அந்தக் காலத்தில் ஏற்காட்டு மலையில் எங்கள் வண்டியில் ஏறி இறங்கியவர்களுக்கு நான் பேரைச் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதும் இல்லை. சேலம் பஸ் ஸ்டாண்டில் அவருக்கு 'மௌனச்சாமி' என்று பட்டப்பேர். அதை வைத்த புண்ணியவான் நான்தான்.

நான் கண்டக்டர். எனக்கு வாய் ஓயாது. டிக்கெட் கிழித்துக்கொண்டே யார் வீட்டில் கல்யாணம், எந்த எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் மாறினார், எந்த மாடு ஈன்றது என்று ஊர்க்கதை முழுவதையும் அள்ளிக்கொண்டு போவேன். அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய், இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் உதடு பிரிக்காத மனிதரோடு முதலாளி ஜோடி சேர்த்துவிட்டார். முதல் மாதம் எனக்குப் பைத்தியமே பிடித்துவிடும் போலிருந்தது.

எங்கள் வண்டி காலை ஆறேகாலுக்கு ஏற்காட்டிலிருந்து இறங்கும். அவர் வீடு மலைமேலேயே வெள்ளக்கடையில். நாலு மணிக்கு எழுந்து, மார்கழியானாலும் பச்சைத் தண்ணீரில் குளித்து, அரை டம்ளர் சாமைக் கஞ்சி குடித்துவிட்டு, டார்ச் லைட்டோடு நடந்தே வருவார். சைக்கிள் ஒன்று வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன்.

"நடந்து வந்தா மனசு அடங்கிருதுங்க தம்பி. சைக்கிள்ல வந்தா அதுவும் கூடவே பெடல் மிதிக்குது" என்றார். என்னைவிட எட்டு ஒன்பது வயது மூத்தவர். ஆனாலும் என்னையும் கிளீனரையும் 'வாங்க போங்க' என்றுதான் சொல்வார்.

வந்ததும் வண்டியைச் சுற்றி ஒரு நடை. ஒவ்வொரு டயரையும் உள்ளங்கையால் தொட்டுப் பார்ப்பார். அடியில் குனிந்து ஆயில் சொட்டுகிறதா என்று பார்ப்பார். முன் கண்ணாடியைப் பழைய பேப்பரால் துடைப்பார். பிறகு சீட்டில் ஏறி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். ஐந்து நிமிஷம். நான் வாட்ச் வைத்தே பார்த்திருக்கிறேன், முன்னே பின்னே ஆகாது. கண்ணைத் திறந்தாரானால் நான் இரண்டு விசில் கொடுக்கலாம். இது காலையில் மட்டுமில்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவை ஏறி இறங்குவோம். ஒவ்வொரு தடவையும் டயர், கண்ணாடி, ஐந்து நிமிஷம்.

ஜனங்கள் சும்மா இருப்பார்களா? கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட் ரைட்டர், சனிக்கிழமைதோறும் சேலம் போகிறவர், பின் சீட்டிலிருந்து குரல் கொடுப்பார்.

"ஏனுங்க கண்டக்டரு, சாமி வரம் குடுத்துருச்சுங்களா? போலாமுங்களா?"

வண்டியே சிரிக்கும். அவர் இமைகூட அசையாது.

கண்ணை மூடிய நேரத்திலிருந்து வண்டி போய்ச் சேர்கிற வரைக்கும் அவரிடம் யாரும் எதுவும் பேசக் கூடாது. முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். "சேதி எதுவானாலும் வண்டி நின்னப்புறம் சொல்லுங்க தம்பி. நல்லதுன்னாலும் செரி, கெட்டதுன்னாலும் செரி."

இதற்குக் காரணம் என்னவென்று வெகுநாள் கழித்து ஒரே ஒரு தடவை சொன்னார். சின்ன வயதில் காப்பிக்கொட்டை லாரியில் கிளீனராக இருந்திருக்கிறார். மலை இறங்கும்போது யாரோ ஏறி, லாரி டிரைவரிடம் அவருடைய நிலத் தகராறு தோற்றுப்போன சேதியைச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வளைவில் லாரி திரும்பவில்லை. இவர் மரத்தில் தொங்கிப் பிழைத்தார். இவரோடு இருந்த இன்னொரு கிளீனர் பிழைக்கவில்லை. "அந்த டிரைவரு குடிக்கலீங்க, தூங்கலீங்க. ரோட்டுல இல்ல, அவ்வளவுதான்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு மூச்சு இழுத்து விடுவார். பக்கத்தில் நின்றால் கேட்கும். மஞ்சு இறங்கி எதிரே ஒன்றும் தெரியாத நாளில், அவர் மூச்சை எண்ணித்தான் எந்த வளைவு என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் கடைசியாக மேலே வந்து வண்டியை நிறுத்திய பிறகு டீக்கடையில் உட்கார்ந்து, விரல் மடக்கி அன்றைக்கு ஓட்டியதை அடிவாரத்திலிருந்து ஒவ்வொரு வளைவாக நினைத்துப் பார்ப்பார். எங்கே மனசு ரோட்டை விட்டுப் போனது என்று கணக்கெடுப்பார்.

"ஏழாவது வளைவுல அந்த ரைட்டரு பேசுனது நெனப்புக்கு வந்துருச்சுங்க. அறுபதடிப் பாலம் தாண்டினதும் ஒருக்கா ஊட்டுக்குப் போயிட்டேன்."

"ஊட்டுக்கு எதுக்குங்கண்ணா போனீங்க?"

"ஓட்டுல ஒரு எடத்துல ஒழுகுது. ஊட்டுக்காரி தனியா ஏறி ஓடு மாத்திருவாளோன்னு."

நானும் ஆசைப்பட்டு இதையெல்லாம் செய்து பார்த்தேன். நாலு மணிக் குளியல் மூன்று நாள் ஓடியது. நாலாம் நாள் சளி பிடித்துப் படுத்துவிட்டேன். கண்ணை மூடி உட்கார்ந்தால் இரண்டாவது நிமிஷமே பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்று மூக்கு போய்விடும். என் சம்சாரம், "உங்களுக்கு அந்த வேஷம் பொருந்தலீங்க, விட்டுருங்க" என்றாள். விட்டுவிட்டேன்.

அவரை நெஞ்சில் ஈரமில்லாதவர் என்று சில பேர் சொல்வார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஒரு மழைநாளில் ஒன்பதாவது வளைவில் எங்களுக்கு முன்னால் மேலே ஏறிக்கொண்டிருந்த லாரி ஒன்று பிரேக் பிடிக்காமல் பின்னோக்கி எங்கள் மேல் வந்தது. அவர் வண்டியை ஓரம் ஒடித்து, முன் சக்கரம் தடுப்புச் சுவரில் போய் முட்டுகிற மாதிரி நிறுத்தினார். லாரி எங்களை உரசிக்கொண்டு போய் மண்ணில் மோதி நின்றது. உள்ளே ஒரே கூச்சல். அவர் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுத் திரும்பி, "ஒண்ணுமில்லீங்க சாமி. பொறகால படி வழியா ஒவ்வொருத்தரா எறங்குங்க. கொழந்தைங்க மொதல்ல" என்றார். கோயிலில் வரிசை விடுகிற குரல் அது. எல்லோரும் இறங்கிய பிறகு அவரே கல்லெடுத்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார்.

மேலே போய்ச் சேர்ந்ததும் டீ வாங்கிக் கொடுத்தேன். கிளாஸ் அவர் கையில் நிற்கவில்லை. டீ முழுவதும் சட்டையில் தெறித்தது. "கொஞ்சம் புடிங்க தம்பி" என்று என்னிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். "பயமில்லாதவன்னு நெனச்சுக்காதீங்க. பயம் நொம்ப உண்டுங்க. வண்டி நின்னப்புறம் பட்டுக்கலாம்னு வெச்சிருக்கறேன்" என்றார். நான் கிளாஸைப் பிடித்து அவர் வாயில் டீ ஊற்றினேன். அன்றிலிருந்து அவர் மேல் எனக்குப் பாசம்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி அவர் பேசியதே கிடையாது. எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள், மலை ஏறிக்கொண்டிருந்தோம். எதிரே இறங்கி வந்த ஜீப் ஒன்று வழிவிட்டு நின்றது. அந்த ஜீப்காரர் காலையில் எங்கள் டிரைவரின் சம்சாரத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டவர். படியில் நின்ற என்னைப் பார்த்துக் கத்தினார்.

"ஏனுங்க, டிரைவரண்ணன் ஊட்டுல அக்கா முழுகாம இருக்காங்களாமுங்க! நர்ஸம்மா சொல்லிருச்சு!"

எனக்கு எப்படி இருக்கும்? வாயை அடக்கப் பார்த்தேன். ஒரு வளைவு வரைக்கும்தான் முடிந்தது. "அண்ணா! அண்ணி உண்டாயிருக்காங்களாமுங்கண்ணா!" என்று கத்திவிட்டேன். வண்டியிலிருந்த பெண்களெல்லாம் குலவை போடாத குறை.

அவர் திரும்பவில்லை. கொஞ்சம் அகலமான இடம் வந்ததும் வண்டியை ஓரம் கட்டினார். இறங்கிப் போய்த் தடுப்புச் சுவரில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். பத்து நிமிஷத்துக்கு மேல் இருக்கும். அழுதாரா, சிரித்தாரா தெரியாது. யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு கேன் தண்ணீரில் முகம் கழுவி, டயர்களைத் தொட்டுப் பார்த்து, ஏறிக் கண்ணை மூடினார்.

அதற்கப்புறம் மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் டீக்கடையில் அவராகவே வந்தார்.

"கோவமில்லீங்க தம்பி. நீங்க சொன்னதும் ரெண்டு நொடி எனக்கு ரோடு தெரியலீங்க. வெள்ளையா இருந்துச்சு. உள்ள நாப்பது பேரு."

"இனிமே எந்தச் சேதியானாலும் வண்டி நின்னப்புறந்தானுங்கண்ணா" என்றேன். என் குழந்தைகள் மேல் சத்தியம் என்றும் சொன்னேன்.

ஏழாம் மாசத்தில் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும். அந்த அம்மாள் எனக்கு மேல் வாயாடி. சுற்றிலும் மிளகுக்கொடி ஏறிய மரங்கள், நடுவில் இரண்டு அறை வீடு. அந்த வீடு அந்த அம்மாளின் குரலில் நிறைந்திருந்தது.

"இவருகிட்ட நான் படற பாடு உங்களுக்குத் தெரியாதுங்க. அத்தன பேரு முன்னால நீங்க கத்திச் சொல்லிப்போட்டீங்க. அப்பறமும் ஊட்டுக்கு வந்து, கை கால் கழுவி, என்னைய எதுக்கால உக்கார வெச்சு, 'இப்ப நீ சொல்லு'ங்கறாரு! ஊரே சொல்லி முடிச்ச சேதிய நான் புதுசாச் சொல்லோணுமாம்."

"நீ சொன்னாத்தான அது சேதி" என்றார் அவர், சோற்றைப் பிசைந்துகொண்டே. அன்றைக்குத்தான் அவர் பல் தெரியச் சிரித்ததைப் பார்த்தேன்.

அடுத்த மாதம், டிசம்பரில், ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். மதியம் ஒன்றரை மணி வண்டியில் இடித்துப் பிடித்து அறுபது பிள்ளைகள். கேரியர் முழுக்கத் தகரப் பெட்டிகள். மஞ்சு நன்றாக இறங்கியிருந்தது. அவர் டயர் பார்த்து, கண்ணாடி துடைத்து, ஏறிக் கண்ணை மூடிவிட்டார். நான் முன் படியில் நின்று ஆளை எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போது அந்தோணி அண்ணன் ஓடிவந்தார். அவர் டிரைவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர், எஸ்டேட்டில் வேலை. குறுக்குவழியில் ஏறி ஓடி வந்திருக்கிறார். சட்டை நனைந்து, முழங்காலில் சேறு.

"ஏனுங்க கண்டக்டரு, அக்காவுக்குக் கொஞ்சம் முடியலீங்க. அண்ணன ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொன்னாங்க."

எங்கள் பக்கத்தில் கெட்ட சேதியை யாரும் முழுசாகச் சொல்வதில்லை. ஆள் செத்தே போயிருந்தாலும், 'கொஞ்சம் முடியலீங்க, வந்துட்டுப் போங்க' என்றுதான் சொல்லி அனுப்புவார்கள். கேட்டவன் வழியிலேயே உடைந்துவிடக் கூடாது என்று. இது எனக்குத் தெரியாததா? கொஞ்சம் முடியாததற்காக ஒருத்தர் இத்தனை தூரம் மூச்சிரைக்க ஓடிவரமாட்டார் என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்துதான் நின்றேன்.

அவரைப் பார்த்தேன். டிரைவர் கண் மூடியிருந்தது. கை ஸ்டீயரிங்கில். வண்டிக்குள் அறுபது பிள்ளைகள் ஊருக்குப் போகிற குஷியில் கத்திக்கொண்டிருந்தார்கள். 'ரெண்டு நொடி எனக்கு ரோடு தெரியலீங்க' என்று அவர் சொன்னது காதில் ஓடியது. அந்த மூன்று நாள் மௌனமும் நினைவுக்கு வந்தது. சத்தியம் வேறு செய்திருந்தேன். வண்டி இன்னும் கிளம்பவே இல்லை, தோளைத் தொட்டு எழுப்பி இறக்கிவிட்டிருக்கலாம், பிள்ளைகள் ஒரு மணி நேரம் தாமதமாக ஊருக்குப் போயிருப்பார்கள், அவ்வளவுதான் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

"கீழ போயி நின்னதும் சொல்லிர்றனுங்க. நாலே முக்காலுக்கெல்லாம் மேல திரும்பிருவோம்" என்றேன்.

அந்தோணி அண்ணன் டிரைவரை ஒரு தரம் பார்த்தார். அவருக்கும் அந்த வழக்கம் தெரியும். ஏதோ சொல்ல வாயெடுத்து, "செரிங்க" என்று திரும்பிப் போனார்.

டிரைவர் கண்ணைத் திறந்தார். நான் இரண்டு விசில் கொடுத்தேன்.

சேலம் பஸ் ஸ்டாண்டில் பிள்ளைகளெல்லாம் இறங்கிய பிறகு அவரிடம் போனேன். நடந்ததை நடந்தபடி சொல்லத்தான் போனேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் வேறு சொன்னது.

"ஆபீசுக்குப் போன் வந்துச்சாமுங்கண்ணா. அண்ணிக்குக் கொஞ்சம் முடியலையாமுங்க."

"எப்பங்க வந்துச்சு?"

"இப்பத்தானுங்க."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையாட்டினார். மாற்று டிரைவர் கேட்கட்டுமா, டாக்ஸி பிடிக்கட்டுமா என்றேன். "டாக்ஸின்னாலும் அதே ரோடுதானுங்க. நானே போறேன்" என்றார். டயர் பார்த்தார். கண்ணாடி துடைத்தார். கண் மூடினார். மூன்றேகாலுக்கு எடுத்த வண்டி நாலே முக்காலுக்குத்தான் மேலே வந்தது, என்றைக்கும் போல. வளைவுக்கு ஒரு மூச்சு. பக்கத்தில் நின்ற எனக்கு அவர் மேல் ஆத்திரமாக வந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் என்ன, இவரெல்லாம் மனுஷனா என்று மனசுக்குள் திட்டினேன். என் தப்பை யார் தலையிலாவது இறக்க வேண்டியிருந்தது.

ஜீப் பிடித்து நானும் கூடப் போனேன். வீட்டுக்குள் ஏழெட்டுப் பெண்கள். மதியத்திலிருந்தே ரத்தம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஏன் கொண்டுபோகவில்லை என்று கத்தினேன். வயதான ஒரு அம்மாள், "புருசங்காரரு வராம எப்பிடிச் சாமி எடுத்துட்டுப் போறது? வண்டி வந்துரும், வந்துரும்னே பாத்துட்டு இருந்தோமுங்க" என்றார். அந்தக் காலத்தில் எங்கள் மலையில் அப்படித்தான். புருஷன் வார்த்தை இல்லாமல் ஒரு பிள்ளைத்தாய்ச்சியை வாசல் தாண்டவிடமாட்டார்கள். டிரைவர் தன் சம்சாரத்தைத் தூக்கி ஜீப்பில் வைத்தார். அந்த வாயாடி அம்மாள் அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து, "ரெண்டு மணி நேரம் முன்னால வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்" என்றார். தாயும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது. பெண் குழந்தை.

எடுத்துப் போகும்போது அந்தோணி அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். "நான் மேலயே சொன்னனுங்களே" என்று மெதுவாகச் சொன்னார். நான் கூட்டத்துக்கு முன்னால் போய்விட்டேன். அவரும் அதற்கப்புறம் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் டிரைவரிடம் சொல்லிவிட்டாரா, இன்றைக்குச் சொல்வாரா, நாளைக்குச் சொல்வாரா என்று ஒவ்வொரு நாளும் டிரைவர் முகத்தைப் பார்ப்பேன்.

காரியம் முடிந்த மறுநாள் வேலைக்கு வந்துவிட்டார். நாலு மணிக் குளியல், நடை, டயர், கண்ணாடி, எல்லாம் பழையபடி. யாரோ முதுகுக்குப் பின்னால், "கல்லுங்க அந்த ஆளு" என்றார்கள். சாயங்காலம் விரல் மடக்கி எண்ணிப் பார்ப்பதும் நிற்கவில்லை. ஒரு நாள் இருபது வளைவையும் எண்ணி முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"எங்கண்ணா போச்சு இன்னைக்கு?" என்று கேட்டேன்.

"எங்கயும் போகலீங்க. இப்பெல்லாம் ரோட்டுலயேதான் இருக்குது. போறதுக்கு ஊடு ஏதுங்க?"

நான் எழுந்து டீக்கடைக்குப் பின்னால் போய் அழுதேன்.

ஒன்று மட்டும் புதிதாகச் சேர்ந்திருந்தது. கண்ணை மூடுவதற்கு முன்னால் என் பக்கம் திரும்பி, "சேதி ஏதும் உண்டுங்களா தம்பி?" என்று கேட்பார். நான், "இல்லீங்கண்ணா" என்பேன். பிறகுதான் கண்ணை மூடுவார். ஒரு நாளைக்கு ஆறு தடவை. மேலே மூன்று, கீழே மூன்று. சேதி சொல்லி அனுப்ப அவர் வீட்டில் யாருமில்லை. அவருக்கு அண்ணன் தம்பி கிடையாது. யாரிடமிருந்து என்ன சேதியை எதிர்பார்த்து இந்த மனிதர் கேட்கிறார் என்று எனக்கு விளங்காது. மனசு கொஞ்சம் பேதலித்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன். ஆறு வருஷம் இப்படியே ஓடியது. ஆறு வருஷமும் நான் 'இல்லீங்கண்ணா' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஐப்பசி மழையில் பன்னிரண்டாவது வளைவுக்கு மேல் சில்வர் ஓக் மரமொன்று ரோட்டுக்குக் குறுக்கே விழுந்துவிட்டது. வெட்டி எடுக்க ஆள் வருவதற்குள் ஜனங்கள் இறங்கி நடந்துவிட்டார்கள். நானும் அவரும் தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தோம். மழை விட்டு, கீழே சேலம் தெரிந்தது. அவர் தலை பாதிக்கு மேல் நரைத்திருந்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன். நாலு மணிக்கு எழுந்து அந்தக் காலி வீட்டில் தனக்குத்தானே கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டு வருகிற மனிதர். என்னால் முடியவில்லை.

"அண்ணா, ஒண்ணு சொல்லோணுமுங்க."

"வண்டி நின்னுட்டுத்தான இருக்குது. சொல்லுங்க."

"அன்னைக்கு ஆபீசுக்குப் போன் வரலீங்க. அந்தோணி அண்ணன் மேலயே வந்து சொல்லீட்டாருங்க. வண்டி எடுக்கறதுக்கு முன்னாடியே. நாந்தானுங்க..."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"தெரியுமுங்க" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன்.

"கண்ணத்தான தம்பி மூடியிருந்தேன். காது கேட்டுச்சுங்களே. எட்டு வருசமாப் பக்கத்து ஊட்டுல கேக்கற கொரலு. 'கொஞ்சம் முடியல'ன்னா என்னன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

கீழே எங்கோ ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"பொறகால அத்தன கொழந்தைங்க. நீங்க சொல்லுவீங்களான்னு பாத்துட்டே இருந்தேன். சொன்னா எறங்கிரலாம். நீங்க விசிலடிச்சீங்க. எனக்கு அந்த நேரத்துல லேசா இருந்துச்சுங்க தம்பி. முடிவு பண்ணுனது நானில்ல, கண்டக்டருதான்னு. வண்டிய எடுத்துட்டேன். அவளப் பத்தின நெனப்பே இல்லாம இருவது வளைவும் எறங்குனேன். அன்னைக்கு ஓட்டுன மாதிரி நான் என்னைக்கும் ஓட்டுனதில்லீங்க."

அவர் கைகள் தொடைக்கடியில் இருந்தன. அழுதது நான்தான். மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டேன்.

"எல்லாந் தெரிஞ்சுமா தெனமும் என்னையக் கேட்டீங்க, சேதி உண்டான்னு?"

"நீங்க வெச்சிருந்தீங்களே, எறக்க முடியாம. மூஞ்சியப் பாத்தாலே தெரியுமுங்க. நான் கேக்காம நீங்க எப்பிடிச் சொல்லுவீங்க?"

மரத்தை வெட்டி உருட்டிவிட்டார்கள். அவர் எழுந்து டயர்களைத் தொட்டுப் பார்த்தார், கண்ணாடி துடைத்தார்.

மறுநாள் காலை ஆறேகால் வண்டி. நான் முன் படியில் நின்றேன். அவர் ஏறினார், செருப்பைக் கழற்றினார், கையை ஸ்டீயரிங்கில் வைத்தார். 'இல்லீங்கண்ணா' என்று சொல்ல நான் தயாராக இருந்தேன். அவர் என் பக்கம் திரும்பாமலே கண்ணை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் ஓய்வு பெறுகிறவரை ஒரு நாளும் என்னை அந்தக் கேள்வி கேட்கவில்லை.